வீடு பார்க்க வந்தவருக்குக் கொடுத்த டீ

படிவத்தில் கேட்டிருந்த எல்லாமே எங்களிடம் இருந்தன. சொந்த வீடு, மூன்று அறைகள், மோட்டார் போட்ட கிணறு, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை. நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம். எனக்கும் வீட்டுக்காரருக்கும் பெரிய நோய் எதுவும் இல்லை. எங்கள் இரண்டு பேர் மேலும் எந்த வழக்கும் இல்லை. இருபத்து நான்கு வருஷம் ஒன்றாகக் குடும்பம் நடத்தியிருக்கிறோம். தகுதி என்ற தலைப்பின் கீழ் ஒவ்வொரு வரியாகப் படித்து, பக்கத்தில் பென்சிலால் சின்னதாக 'சரி' போட்டுக்கொண்டே வந்தேன். கடைசி வரிக்கும் சரி போட்டபோது, பத்தாம் வகுப்பில் கணக்கில் பாஸ் ஆகிவிட்டேன் என்று தெரிந்த அன்று இருந்த மாதிரி இருந்தது.

அந்தப் படிவத்தில் இல்லாத ஒன்றில் நான் தவறிப்போனேன். அதை வாயால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம். நாலு பேர் இருக்கிற இடத்தில் பேச்சு வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டுக்காரர் பல வருஷம் ரிக் வண்டியில் வடக்கே போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். அலைச்சல் போதும் என்று திரும்பி வந்து, இருக்கிற தோட்டத்தில் ஒரு சின்னக் கோழிப்பண்ணை போட்டார். முட்டைக் கோழி. எங்களுக்குக் குழந்தை இல்லை. ஈரோடு, சேலம், கோயமுத்தூர் என்று ஆஸ்பத்திரிகள் எல்லாம் பார்த்தாகிவிட்டது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஒரு வயதுக்கு மேல் யாரும் கேட்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

ஆதார் அட்டையில் என் பிறந்த வருஷம் தப்பாக இருந்தது. அதைத் திருத்த நாமக்கல்லுக்குப் போயிருந்தபோது, அலுவலகச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். வளர்ப்புப் பராமரிப்புக்கு, அதாவது ஒரு குழந்தையைக் கொஞ்ச காலம் வீட்டில் வைத்து வளர்க்க, விருப்பம் உள்ள குடும்பங்கள் வரலாம் என்று இருந்தது. மூன்று முறை படித்தேன். உள்ளே போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தது. பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்து வீட்டுக்காரரிடம் சொல்ல நான்கு நாள் ஆயிற்று.

அடுத்த வாரம் இருவருமாகப் போனோம். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. காட்டன் புடவை, கையில் ஒரு பழைய கடிகாரம். குழந்தைகளுக்கான வீடுகளைப் பார்த்து அறிக்கை எழுதுகிற வேலை அவருடையது. நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு அவரை மேடம் மேடம் என்று சொன்னேன்.

"அப்ப இது தத்து இல்லீங்களா?" என்றார் வீட்டுக்காரர்.

"இல்லைங்க சார். தத்துன்னா குழந்தை உங்களுதாயிடும். இது வேற. இந்தக் குழந்தைங்களுக்கு அம்மாவோ அப்பாவோ இருப்பாங்க. அம்மா ஆஸ்பத்திரில இருக்கலாம், ஜெயில்ல இருக்கலாம், வச்சுப் பார்த்துக்க முடியாத நிலைமையில இருக்கலாம். அது சரியாகற வரைக்கும் குழந்தை விடுதியில இல்லாம ஒரு வீட்டுல வளரணும். ஒரு வருஷமும் ஆகலாம், பெரிசாகற வரைக்கும்கூட ஆகலாம்."

"அப்பறம் திருப்பிக் கூட்டீட்டுப் போயிருவீங்க?"

"போகலாம் சார்."

வீட்டுக்காரர் நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "அது வரைக்கும் நம்ம புள்ளைன்னு சொல்லிக்கலாமுங்களா?"

அந்தப் பெண் சிரித்தார். "சொல்லலாம் சார். அதோட அம்மாவுக்கும் புள்ளைதான்னு ஞாபகம் வச்சுக்கிட்டுச் சொல்லலாம்."

பஸ்ஸில் வரும்போது வீட்டுக்காரர் சொன்னார்: "எண்ணூறு அடி போட்டும் தண்ணி வராம, வெறும் ஓட்டையா உட்டுப்போட்டு வந்த ஊரு எத்தனையோ இருக்குது. இதுல என்ன வருதுன்னு பாப்போம் புள்ள." அவர் சம்மதம் சொல்கிற முறை அதுதான்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் சான்றிதழ்கள் வாங்குவதில் போயிற்று. அரசாங்க ஆஸ்பத்திரியில் உடல் தகுதிச் சான்று. போலீஸ் சான்று. எங்களை நன்றாகத் தெரிந்தவர்கள் இரண்டு பேரின் கையெழுத்து. ஒன்றை வீட்டுக்காரரின் அண்ணன் போட்டார், இன்னொன்றைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் போட்டார். கையெழுத்து வாங்கப் போன இடத்தில் என் ஓரகத்தி, வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"ஏனம்மிணி, என்ன சாதிப் புள்ளைன்னு கேட்டியா?"

"அதெல்லாம் சொல்ல மாட்டாங்களாம்க்கா."

"சொல்ல மாட்டாங்கன்னா எப்புடி? நாளைக்குக் கோயலுக்குக் கூட்டீட்டுப் போகோணும். ஒரு விசேஷத்துல பந்தியில உக்கார வெக்கோணும். நாலு பேரு கேக்க மாட்டாங்களா?"

"கொழந்தைக்கு என்னக்கா சாதி. பசிச்சா அழுகும், சோறு போட்டாத் திங்கும்."

கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். நான் நிமிர்ந்து நடந்து வீட்டுக்கு வந்தேன். அந்த வார்த்தை என் மனதிலிருந்து வந்தது என்றுதான் அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கோ யாரோ மேடையில் பேசியதைக் கேட்டு வைத்திருந்திருப்பேன்.

வீடு பார்க்க வருகிற நாள் ஒரு புதன்கிழமை. அலுவலகத்தில் எங்களுக்கு நடத்திய பயிற்சி வகுப்பில் சொன்னபடி பழைய கிணற்றின் மேல் கம்பி வலை போட்டோம். கோழிக்குக் கலக்கும் மருந்துகளை உயரத்தில் வைத்துப் பூட்டினேன். சாமான் போட்டிருந்த சின்ன அறையைக் காலி செய்து வெள்ளையடித்து, ஒரு கட்டில் வாங்கிப் போட்டு, குமாரபாளையத்தில் வாங்கிய நீலக் கோடு போட்ட போர்வையை விரித்தேன். ஆணா பெண்ணா என்று தெரியாததால் நீலமும் இல்லாத ரோஸும் இல்லாத நிறம் தேடி, கடைசியில் நீலமே வாங்கியிருந்தேன். குழந்தை பொய் சொன்னால் என்ன செய்வீர்கள், படுக்கையை நனைத்தால் என்ன செய்வீர்கள் என்பதற்கெல்லாம் பதில் எழுதி, கோழிக்குத் தீவனம் போடும்போது முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டேன். பேச வராதவள் என்பதால் அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. அந்தப் பெண்ணும் ஓட்டுநரும் இறங்கினார்கள். வீட்டுக்காரர் ஓட்டுநரைப் பார்த்ததும், "ஏனுங்க, நீங்க மல்லசமுத்திரத்துக்காரருதானுங்களே?" என்று கேட்டு, அவர் ஆமாங்க என்று சொல்லி, இரண்டு நிமிஷத்தில் ஒருவருக்கொருவர் சொந்தம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஓட்டுநரும் சோபாவில் வந்து உட்கார்ந்தார்.

நான் அந்தப் பெண்ணிடம், "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டேன்.

எங்கள் பக்கம் ஒருவரிடம் சாதியை நேராகக் கேட்பது மரியாதைக் குறைவு. அதனால் ஊரைக் கேட்போம். ஊரைச் சொன்னால், அங்கே எந்தப் பக்கம் என்போம். அதையும் சொன்னால், அங்கே இன்னார் வீடு தெரியுமா என்போம். மூன்றாவது கேள்விக்குள் தெரிந்துவிடும். கேட்டவரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டார், சொன்னவரும் சொன்னதாகக் காட்டிக்கொள்ள மாட்டார். நான் யாரைப் பார்த்தாலும் கேட்கிற முதல் கேள்வி அதுதான். பேச்சு வராத எனக்கு அது ஒன்றுதான் தடையில்லாமல் வரும்.

"ஆத்தூர் பக்கங்க," என்றார்.

"ஊருக்குள்ளயே ஊடுங்களா?"

"இல்லைங்க. காலனி." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மூன்றாவது கேள்வியை உங்களுக்கு மிச்சப்படுத்திவிட்டேன் என்கிற மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு.

"சித்த இருங்க, டீ போட்டுக் கொண்டாரேன்," என்று உள்ளே போனேன்.

டீ போட்டேன். தட்டில் வைத்துக் கொண்டுவந்து நடுவில் இருந்த மேஜைமேல் வைத்தேன். வைத்த பிறகுதான் பார்த்தேன். இரண்டு எவர்சில்வர் டம்ளர், ஒரு பேப்பர் கப். டம்ளர்களில் ஒன்று வீட்டுக்காரர் பக்கமும் ஒன்று ஓட்டுநர் பக்கமும் இருந்தன. பேப்பர் கப் அந்தப் பெண்ணுக்கு நேராக இருந்தது.

கை தானாகச் செய்துவிட்டது என்று சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. டம்ளர் ஸ்டாண்டு அடுப்புக்கு மேலே, என் முகத்துக்கு நேராக இருக்கிறது. கப்புக் கட்டு பின்பக்க ஜன்னலில் இருக்கிறது. அதை எடுக்க நாலு எட்டு நடந்து, எக்கி, கையை நீட்ட வேண்டும். நடந்திருக்கிறேன், நீட்டியிருக்கிறேன்.

அந்தப் பெண் கப்பைப் பார்த்தார். பிறகு எடுத்துக் குடித்தார். ஓட்டுநர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஊதிக்கொண்டே இருந்தார். வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். மாற்றிக் கொண்டுவருகிறேன் என்று சொல்லலாம். டம்ளர் போதவில்லை என்று ஒரு பொய்யாவது சொல்லலாம். சுவரில் சாய்ந்து நின்றேன்.

அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சின்ன அறையில் கட்டிலை அழுத்திப் பார்த்து, "நல்லா இருக்குங்க," என்றார். கிணற்று வலையை ஆட்டிப் பார்த்தார். பண்ணையில் கோழிக்கூண்டுகளுக்கு நடுவில் நடந்து போய், முட்டை பொறுக்கிக்கொண்டிருந்த பண்ணை வேலைக்கார அம்மாவிடம் ஏதோ கேட்டுச் சிரித்தார். திரும்பி வந்து உட்கார்ந்து கேள்விகளைக் கேட்டார். பொய் சொன்னால் என்ன செய்வோம், படுக்கையை நனைத்தால் என்ன செய்வோம். மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

பிறகு கேட்டார்: "குழந்தையோட அம்மா பார்க்க வருவாங்க. மாசம் ஒரு தடவைகூட வரலாம். வந்தா எங்க உட்கார வைப்பீங்க?"

இதற்கு நான் பதில் எழுதி வைக்கவில்லை.

"இங்கதானுங்க," என்றேன். "இந்த சோபாவுலதான்."

"ம்."

"டீ காப்பி ஏதாச்சும் போட்டு..." என்று ஆரம்பித்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் கப் காலியாக நின்றது. அடியில் கொஞ்சம் டீத்தூள். அவர் பேனாவை மூடினார்.

"டீ நல்லா இருந்துச்சுங்க," என்று சொல்லிக் கப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். "இதை எங்க போடறதுங்க?"

குடுங்க, நான் போட்டுக்கறேன் என்று கையை நீட்டியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. என் கண் வாசல் பக்கம் போனது. அவர் புரிந்துகொண்டு தானே வெளியே போய், தீவனக் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த தகர டிரம்மில் போட்டார். போட்டுவிட்டு ஒரு நிமிஷம் டிரம்முக்குள் பார்த்தார். அந்த வாரம் முழுக்கப் பண்ணை ஆட்கள் குடித்துப் போட்ட கப்பெல்லாம் அதற்குள் கிடந்தன.

ஜீப் போன பிறகு வீட்டுக்காரர் கேட்டார்: "எதுக்குப் புள்ள அப்புடிப் பண்ணுனே?"

"நீங்க ஏன் ஒண்ணும் சொல்லுல?"

"எனக்கும் பாத்ததுக்கு அப்பறந்தான் உறைச்சுது. இத்தன நாளு உறைக்கவே இல்லையே." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "போ, ஆனது ஆச்சு. அடுத்த தடவ வேற ஆபீசர் ஆராச்சும் வந்து பாப்பாங்க," என்றார்.

நான் மனதுக்குள் பல சமாதானம் சொல்லிப் பார்த்தேன். கொரோனா காலத்தில்தான் பேப்பர் கப் வாங்க ஆரம்பித்தோம். அதற்கு முன்னால் பண்ணை ஆட்களுக்கு என்று விளிம்பு நசுங்கிய இரண்டு டம்ளர்கள் கொட்டகைக் கூரையின் இறவாரத்தில் செருகியிருக்கும். கல்யாணமாகி நான் வந்தபோதே அவை அங்கே இருந்தன. கொரோனா வந்ததும் அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, சுத்தத்துக்காக என்று கப்பு வாங்கினோம். அப்போது எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது ஞாபகம் இருக்கிறது. இனி யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்ற நிம்மதி. அப்படியென்றால் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது என்று எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கொரோனா போய்விட்டது. கப்பு மட்டும் நிற்கவில்லை. ஓரகத்தி வந்தால் நான் அவளுக்கு ஒரு நாளும் கப்பில் கொடுத்ததில்லை. போலீஸ் சான்றுக்கு விசாரிக்க வந்தவரிடமும் ஊரைக் கேட்டேன். அவருக்கு டம்ளரில்தான் கொடுத்தேன்.

இருபது நாள் போயிற்று. பதில் வரவில்லை. அந்தச் சின்ன அறைக்குள் போகவே எனக்கு முகமில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லாமல் ஒரு நாள் நாமக்கல்லுக்குப் பஸ் ஏறினேன். என்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அலுவலக வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அதையே படித்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண் வெளியே வந்து, அவராகவே என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரொம்ப நேரமா இருக்கீங்களாமே. உள்ள வரலாம்ல?"

தாளில் எழுதியது எதுவும் வரவில்லை. "நான் தப்புப் பண்ணீட்டனுங்க," என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் நான் முகத்தைத் துடைத்துக்கொள்ளும் வரை காத்திருந்தார்.

"என்கிட்ட மன்னிப்புக் கேக்க வந்திருந்தா வேண்டாங்க. எனக்கு இது நிறைய வீட்டுல நடந்திருக்கு. அதுக்கெல்லாம் அழுதா வேலை பார்க்க முடியாது. குழந்தை விஷயமா வந்திருந்தா பேசுவோம்."

"கொழந்தை விஷயமாத்தானுங்க."

"பண்ணையில ஒரு அம்மா வேலை செய்யறாங்கல்ல, அவங்க எதுல குடிக்கறாங்க?"

"அதுலதானுங்க."

"எவ்வளவு வருஷமா வர்றாங்க?"

"பதினோரு வருஷமா."

அவர் டிபன் பாக்ஸைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "நீங்க குழந்தையை நல்லாத்தான் பார்த்துக்குவீங்க. எனக்கு அதுல சந்தேகம் இல்லை. பால் குடுப்பீங்க, பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போவீங்க. ஆனா அதோட அம்மா வந்து உங்க வீட்டுல கப்புல டீ குடிக்கறதை அந்தக் குழந்தை பார்க்கும். ஏழு வயசுக் குழந்தைக்கு எல்லாம் புரியும். அப்புறம் அது யாரோட குழந்தைன்னு நினைச்சுக்கும்? நான் அறிக்கையை இன்னும் அனுப்பலைங்க. என்ன எழுதட்டும்னு நீங்களே சொல்லுங்க."

"இப்ப வேண்டாம்னு எழுதீருங்க," என்றேன்.

இதை நேர்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்து போவதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் டிபன் பாக்ஸை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இப்போதைக்கு நிறுத்தி வைக்கறேன். ஆறு மாசம் கழிச்சு மறுபடி படிவம் குடுக்கலாம். ஆனா மறுபடி வந்தா, உங்க வீட்டுல வேலை செய்யறவங்ககிட்டயும் தனியாப் பேசுவேன். சொல்லிட்டேன்."

மறுநாள் காலை பத்து மணிக்கு, பண்ணை அம்மாவுக்கு எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டுபோனேன். அவர் என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். பக்கத்துக் காலனியிலிருந்து வருகிறார். நான் அவரை வா, போ என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைச் சாமி என்பார். இங்கேகூட முதலில் 'அவள்' என்றுதான் எழுதியிருந்தேன், அடித்துத் திருத்தினேன்.

முட்டை அட்டையைக் கீழே வைத்துவிட்டு டம்ளரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, கப்பு தீந்து போச்சுங்களா?"

"ஆமா," என்றேன். "தீந்து போச்சு."

எனக்குப் பின்னால் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. கட்டுக் கட்டாகக் கப்பு வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார். டீயைக் குடித்தார். குடித்துவிட்டுக் குழாயடியில் டம்ளரை மண் போட்டு இரண்டு முறை விளக்கி, சமையலறைப் படியில் வைக்காமல், கொட்டகைத் திட்டின்மேல் கவிழ்த்து வைத்தார். நான்தான் அதை எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டாண்டில் வைக்கும்போது என் கை ஒரு விநாடி நின்றது. நின்றது என்பதையும் எழுத வேண்டும்.

இப்படிச் சில நாள் போயிற்று. கப்புக் கட்டுகளை வீட்டுக்காரர் ஒரு நாள் எடுத்துக்கொண்டுபோய், கோயில் அன்னதானத்துக்கு என்று கொடுத்துவிட்டார். அந்தம்மா திட்டின்மேல் கவிழ்ப்பதை மட்டும் விடவில்லை. ஒரு நாள் நான் டீயை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் தீவன மூட்டைமேல் உட்கார்ந்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். குழந்தை, படிவம், ஜீப்பில் வந்த பெண், டிரம், பெஞ்சு எல்லாம். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. கோழிகள் சத்தத்தில் பாதி அவருக்குக் கேட்டிருக்காது என்றுதான் நினைத்தேன். கேட்டிருந்தது.

"அந்தப் புள்ள அன்னைக்கு என்கிட்ட என்ன கேட்டுச்சு தெரியுங்களா?" என்றார். "இங்க தண்ணி எங்க குடிப்பீங்கக்கான்னு கேட்டுச்சு. எங்க குடுப்பாங்களோ அங்க குடிப்பேன் கண்ணுன்னேன். சிரிச்சுப்போட்டுப் போயிருச்சு."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க சாமி. புள்ள வாரதுக்குத்தான் இந்த டம்ளருங்களா?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. முதல் நாள் சொன்ன பொய்யே அந்த ஜன்னலில் அம்பலமாகியிருந்தது. அதனால் சொல்லவில்லை.

"ஆமாங்க," என்றேன். "அதுக்குத்தான் ஆரம்பிச்சேன்."

பதினோரு வருஷத்தில் அவரிடம் நான் 'ங்க' போட்டது அன்றுதான். அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. உடைந்த முட்டை ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தார். "பரவால்லீங்க," என்றார். "உள்ளதச் சொன்னீங்க." அது மன்னிப்பு மாதிரி கேட்கவில்லை. ஒரு முட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு அட்டையில் வைக்கிற மாதிரி இருந்தது.

ஆறு மாதம் போன மாதம் முடிந்தது. படிவம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இந்த முறை பென்சிலால் சரி போடவில்லை. எங்களை நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் என்ற இடத்தில், முதல் வரியில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மறுபடியும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இரண்டாவது வரி காலியாக இருக்கிறது. வீட்டுக்காரரின் அண்ணனிடம் போகலாம். அவருக்கு என்னைப் பற்றி என்ன தெரியும் என்று யோசித்துப் பார்த்தேன். என் டீ எப்படி இருக்கும் என்று தெரியும்.

போன திங்கட்கிழமை அந்தப் படிவத்தைப் பண்ணைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அந்தம்மாவிடம் காட்டி, அந்த இடத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டேன்.

"எனக்குக் கையெழுத்து ஏதுங்க சாமி. ரேகைதான்."

"ரேகையே போதுமாமுங்க."

அவர் தாளைக் கையில் வாங்கவில்லை. கையில் தீவனத் தூசி இருந்தது. சேலையில் துடைத்துவிட்டும் வாங்கவில்லை.

"போட மாட்டேன்னு சொன்னா நாளைக்கு எனக்கு வேலை இருக்குங்களா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆத்தூர்ப் பெண் காலனி என்று சொன்னபோது சிரித்த அதே சிரிப்பு.

நான் கேட்டது அவர் மேல் எப்படி உட்காரும் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. மறுபடியும் எனக்கு வேண்டியதை எடுக்கத்தான் கையை நீட்டியிருக்கிறேன்.

"இருக்குதுங்க," என்றேன். "போட்டாலும் இருக்குது, போடாட்டியும் இருக்குது."

"அப்பச் சரி," என்றார். "நெசமாவே யோசிக்கலாம். யோசிச்சுச் சொல்றனுங்க."

ஒரு வாரம் ஆகிறது. அவர் இன்னும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. படிவம் சின்ன அறையில் கட்டில்மேல் இருக்கிறது. பத்து மணிக்கு டீ கொண்டுபோகிறேன். இரண்டு டம்ளர். மூட்டைமேல் உட்கார்ந்து குடிக்கிறோம். அவர் கோழிகளைப் பற்றிப் பேசுகிறார். சில நாள், முட்டையை வெளிச்சத்தில் பார்க்கிற மாதிரி, என்னைப் பார்க்கிறார். எதைப் பார்க்கிறார் என்று தெரிகிறது, அதனால் நான் கோழிகளைப் பார்க்கிறேன். குடித்து முடித்ததும் அவர் டம்ளரைக் கழுவித் திட்டின்மேல்தான் கவிழ்க்கிறார்.